கீழே நாம் இருக்க, மேலே ஒரு வீடு: மாடி எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாம்பரத்தை அடுத்த ஓர் உட்புறத் தெருவில், அரைக் கிரவுண்டு மனையில் இருந்த எங்கள் வீட்டுக்கு மேல் மாடி எடுத்தோம். பால் காய்ச்சிய அன்று பந்தியில் உட்கார்ந்தவர்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதன் பிறகு உறவுக்காரர்கள், அலுவலக நண்பர்கள், மளிகைக் கடைக்காரர் என்று யார் மாடி எடுக்க நினைத்தாலும் அதே சந்தேகங்களோடு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்க முடியாமல் எழுதிவைத்தது இது. விதிகள் தமிழ்நாட்டுக்கு உரியவை. கணக்குகளில் வரும் விலையும் வட்டியும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே கட்டினால் அது தனி வீடா, இல்லை நம் வீட்டின் ஒரு பகுதிதானா?

தனி வாசல், தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை இருந்தால் மின்வாரியமும் மாநகராட்சியும் அதை இன்னொரு குடியிருப்பாகவே பார்க்கும். நிலத்தின் பத்திரம் மட்டும் ஒன்றுதான். ஒரே நிலம், இரண்டு வீடு என்ற இந்த நிலைமையிலிருந்துதான் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி முளைக்கிறது.

படிக்கட்டை வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். உள்படி வைத்துவிட்டு, குடித்தனக்காரர் நம் கூடத்தின் வழியாகத் துணி காயப்போடப் போவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்களை எனக்குத் தெரியும்.

எதிர் வீட்டுக்காரர் பிளான் அனுமதி வாங்காமலே கட்டிவிட்டார். நான் மட்டும் ஏன் வாங்க வேண்டும்?

அவர் கைக்காசில் கட்டியிருப்பார். கடன் வேண்டுமென்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை: அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல் இல்லாமல் வீடு கட்டக் கடன் தரக்கூடாது என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி இட்டிருக்கும் கட்டளை. கைக்காசில் கட்டினாலும், நாளைக்கு விற்கும்போது வாங்குபவர் கடனுக்குப் போவார். அவருடைய வங்கி அந்தத் தாளைக் கேட்கும்.

நடைமுறையும் முன்பைவிட இளகியிருக்கிறது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு இணைய வழியில் உடனே அனுமதி கிடைக்கிறது. மாடி மட்டும் எடுப்பவர்கள், தங்கள் நிலைமை அந்த வழியில் போகுமா, வழக்கமான ஒற்றைச் சாளர விண்ணப்பமா என்பதை உரிமம் பெற்ற இன்ஜினியரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரைக் கிரவுண்டு இடத்தில் எவ்வளவு கட்டலாம்?

2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயரமான கட்டடம் அல்லாதவற்றுக்குத் தளப் பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., 2. அரைக் கிரவுண்டு என்பது 1,200 சதுர அடி. எல்லாத் தளங்களும் சேர்ந்து 2,400 சதுர அடி வரை போகலாம். கீழே 800 இருந்தால் மேலே 800 எடுப்பதில் இந்தக் கணக்கு இடிக்காது.

இடிப்பது பக்கவாட்டு இடைவெளிதான். சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் இவற்றைப் பொறுத்து முன்னும் பக்கத்திலும் இவ்வளவு விட வேண்டும் என்று இருக்கிறது. வெளிப்படிக்கட்டு அந்த இடைவெளியில்தான் வந்து உட்காரும். அதையும் வரைபடத்தில் காட்டியே அனுமதி வாங்குங்கள்.

சார், பழைய பிளானில் இருப்பதைவிடக் கீழேயே ஓர் அறை கூடக் கட்டிவிட்டோம். இப்போது என்ன செய்வது?

தமிழ்நாட்டில் இதைச் செய்யாத வீடு குறைவு. மறைத்துவிட்டு மாடிக்கு மட்டும் விண்ணப்பித்தால், வங்கியின் மதிப்பீட்டாளர் டேப்பைப் பிடிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். இருப்பதை இருக்கிறபடி அளந்து, கீழும் மேலுமாகச் சேர்த்துப் புதிய வரைபடம் போடச் சொல்லுங்கள். விதிக்குள் வந்தால் கட்டணத்தோடு முடியும். அந்த அறை பக்கத்துச் சுவரோடு ஒட்டி நின்றால், இடிப்பதா மாடியை மறப்பதா என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கும்.

மனையே அங்கீகாரம் இல்லாததாக இருந்தால் அதை முதலில் பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரம் ஆன மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் ஒரு திட்டம் வந்தது. உங்கள் மனை அதில் ஒழுங்காகியிருக்கிறதா என்று பத்திரக் கட்டைப் பிரித்துத் தேடுங்கள். கிராம நத்தம் நிலத்துக்குக் கடன் கேட்டால் பல வங்கிகள் தயங்கும்.

“இந்த அஸ்திவாரம் மூன்று மாடி தாங்கும்” என்கிறார் மேஸ்திரி. நம்பலாமா?

எல்லா மேஸ்திரியும் எல்லா வீட்டையும் பார்த்து இதையேதான் சொல்கிறார்கள். நம்புவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: சுவர் தாங்குகிற வீடா தூண் தாங்குகிற வீடா, அடியில் என்ன மண், கான்கிரீட் இப்போது எந்த நிலையில் இருக்கிறது. கருங்கல் அஸ்திவாரமும் ஒன்பது அங்குலச் சுவரும் உள்ள பழைய வீடுகள் பெரும்பாலும் ஒரு மாடி தாங்கும்; ஆனால் மேலே வரும் சுவர்கள் கீழ்ச் சுவர்களின் தலைமேலேயே உட்கார வேண்டும். நாலரை அங்குலச் சுவர் வெறும் தடுப்பு. அதன்மேல் பாரம் ஏற்றக்கூடாது. தூண் வீடு என்றால் ஒரு தூணின் ஓரமாகக் குழி தோண்டி, அடித்தளத்தின் அளவையும் ஆழத்தையும் கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி.

கட்டமைப்பு இன்ஜினியர் ஒருவரை ஒரு நாள் வரவழையுங்கள். சுத்தியல் போன்ற கருவியால் தூண்களையும் உத்தரங்களையும் தட்டிப் பார்த்துக் கான்கிரீட்டின் வலுவைத் தோராயமாகச் சொல்வார். அதற்கு ரிபவுண்ட் ஹேமர் சோதனை என்று பெயர். களிமண் பூமியென்றால் இந்தச் செலவைத் தவிர்க்கவே கூடாது. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண் ஏற்கெனவே உங்கள் சுவரில் கோணல் விரிசலாகக் கையெழுத்துப் போட்டிருக்கும், போய்ப் பாருங்கள்.

மாடிக்கென்று கம்பி விட்டுவைத்தோம். பதினைந்து வருடமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அப்படியே கட்டிவிடலாமா?

கூடாது. மேலே தெரியும் துருவைவிட, கான்கிரீட்டை விட்டு வெளியே வரும் கழுத்தில்தான் கம்பி மெலிந்திருக்கும். அந்த இடத்தைக் கொத்தி, நல்ல கம்பி தெரியும்வரை இறங்கி, அங்கிருந்து புதுக் கம்பியைப் பழைய கம்பியோடு ஒட்டி நீட்டி, மேலணைத்துக் கட்ட வேண்டும். 12 மி.மீ. கம்பிக்கு மேலணைப்பு சுமார் 2 அடி வர வேண்டும். முக்கால் அடி கட்டிவிட்டுப் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் நான்கு தூண்களில் இப்படிக் கொத்த வேண்டியிருந்தது. மேஸ்திரி இரண்டைக் கொத்தி, மற்ற இரண்டில் சிமெண்ட் பாலைப் பூசி மறைத்துவிட்டார். சென்ட்ரிங் அடிப்பதற்கு முந்தைய நாள் இன்ஜினியர் வந்ததால் தப்பித்தோம். இப்போதுதான் கீழ்வீடு கட்டுகிறீர்கள் என்றால், விட்டுவைக்கும் கம்பிகளைச் சுற்றி மெலிந்த கலவையில் சிறு கட்டை போல் போட்டு மூடிவையுங்கள்.

அஸ்திவாரச் செலவு இல்லையே, மாடி பாதி விலையில் முடிந்துவிடாதா?

முடியாது. அஸ்திவாரத்தில் மிஞ்சுவதை வேறு வேலைகள் தின்றுவிடும்: மொட்டை மாடித் தட்டோட்டைப் பெயர்ப்பது, கைப்பிடிச் சுவரை இடிப்பது, செங்கல்லும் எம்-சாண்டும் மேலே ஏற்றும் கூலி, தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றுவது, வெளிப்படிக்கட்டு.

சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 800 சதுர அடிக்கு 19,20,000. இந்த விலைக்குள் பொதுவாக வராதவை படிக்கட்டு, மேல்தொட்டி, செப்டிக் டேங்கைப் பெரிதாக்குவது, புது மின் இணைப்பு, வரைபடக் கட்டணம். அதற்கு நான்கு ஐந்து லட்சம் ஒதுக்குங்கள். ஆக 24 லட்சம். ஒப்பந்தத்தில் பால்கனியும் படிக்கூண்டும் முழு அளவாகவா பாதி அளவாகவா எண்ணப்படுகிறது என்பதை எழுத்தில் வாங்காவிட்டால், கடைசிப் பில்லில் வீடு திடீரென்று 950 சதுர அடியாக வளர்ந்திருக்கும்.

மாடி கட்டுவதற்கு மட்டும் வங்கி கடன் தருமா?

தரும். வீட்டுக் கடனின் ஒரு வகைதான் இது. மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, அனுமதி வரைபடம், இன்ஜினியரின் எஸ்டிமேட், உங்கள் வருமானக் காகிதங்கள் கேட்பார்கள். வங்கியின் வக்கீல் பத்திரங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வார். மதிப்பீட்டாளர் வந்து இடத்தைப் பார்ப்பார்.

30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் உச்ச வரம்பு. 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80. அதற்கு மேல் 75. வங்கி அந்த உச்சத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 24 லட்சம் எஸ்டிமேட்டுக்கு 18 முதல் 20 லட்சம் கிடைத்தால் நல்லது என்று திட்டமிடுங்கள். மிச்சத்தை நீங்கள் போட வேண்டும். அதையும் முதலில் போடச் சொல்வார்கள்.

கீழ்வீட்டுக் கடனே இன்னும் ஒன்பது வருடம் பாக்கி இருக்கிறது. வேறு வங்கியில் குறைந்த வட்டிக்கு மாடிக் கடன் வாங்கலாமா?

உங்கள் பத்திரம் முதல் வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது. அதே நிலத்தை நம்பி இரண்டாவது வங்கி வராது. முதல் வங்கியிலேயே கூடுதல் கடன் கேளுங்கள். அல்லது மொத்தத்தையும் புது வங்கிக்கு மாற்றி, அங்கே மாடிக்கும் சேர்த்து வாங்குங்கள். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது என்பதால் இரண்டாவது வழியும் திறந்தே இருக்கிறது.

இருக்கும் கடனுக்கு மேல் டாப்-அப் என்ற பெயரில் கொடுப்பதற்கும் வீட்டு விரிவாக்கக் கடனுக்கும் வட்டியில் வித்தியாசம் இருக்கும். எந்தப் பெயரில் கொடுக்கிறார்கள் என்பதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பணம் மொத்தமாகக் கைக்கு வருமா? கான்ட்ராக்டர் முன்பணம் கேட்கிறாரே?

வராது. சுவர் எழும்பியதும் ஒரு தவணை, கூரை போட்டதும் ஒன்று, பூச்சு முடிந்ததும் ஒன்று, கடைசியாகத் தரையும் கதவும் என்று வேலையைப் பார்த்துப் பார்த்துத்தான் விடுவிப்பார்கள். ஒவ்வொரு முறையும் இன்ஜினியரின் சான்று, புகைப்படம், வங்கியிலிருந்து ஆள் வருவது என்று பத்துப் பதினைந்து நாள் போகும். கொத்தனாரும் சித்தாளும் அந்தப் பதினைந்து நாள் காத்திருக்க மாட்டார்கள். வேறு வேலைக்குப் போனால் திரும்பக் கூப்பிடுவது பெரும்பாடு. கான்ட்ராக்டரின் தவணையையும் வங்கியின் தவணையையும் ஒரே தாளில் எழுதி, நடுவே விழும் பள்ளத்துக்குக் கையில் இரண்டு லட்சமாவது வையுங்கள். நகைக் கடனுக்கு நியாயமான இடம் என்றால் இதுதான்: இரண்டு மாதத்துக்கு வாங்கி, தவணை வந்ததும் திருப்பிவிடுவது.

வாடகை வந்தால் இ.எம்.ஐ. தானாகக் கட்டிக்கொள்ளுமே?

இந்த நம்பிக்கையில்தான் பாதி மாடிகள் எழும்புகின்றன. 20 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதம் 17,356 ரூபாய். எங்கள் பக்கத்து உட்புறத் தெருவில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 12,000 வருகிறது என்று வைத்தால், மாதம் ஐயாயிரத்துக்கு மேல் உங்கள் பையிலிருந்து போகும். வீடு காலியாகும் மாதங்கள், வெள்ளை அடிப்பது, மோட்டார் ரிப்பேர் தனி. இருபது வருடத்தில் வட்டி மட்டும் 21 லட்சத்தைத் தாண்டும். 15 வருடமாகக் குறைத்தால் தவணை 19,695. வட்டியில் ஆறு லட்சத்துக்கு மேல் மிஞ்சும்.

மகனோ மகளோ குடும்பத்தோடு வந்து இருக்க வேண்டும், வயதான பெற்றோரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் கட்டுங்கள். வாடகை ஒன்றையே நினைத்து, அதுவும் கடனில் கட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

வருமான வரியில் பெரிய சலுகை உண்டு என்கிறார்களே?

பழைய முறையில் இருப்பவர்களுக்கு உண்டு. மேலே சொன்ன கணக்கில் ஆண்டு வாடகை 1,44,000. அதில் 30 சதவீதம் கழிந்து 1,00,800. முதல் வருட வட்டி சுமார் 1,68,000. ஆக 67,000 ரூபாய் அளவுக்கு நஷ்டம். அதைச் சம்பளத்தில் கழிக்கலாம். இப்படிக் கழிப்பதற்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரம்பு. புதிய முறையில் வாடகைக்கு எதிராக வட்டியைக் கழிக்கலாம். மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. அசலுக்கான 1,50,000 ரூபாய்ச் சலுகையும் பழைய முறையில் மட்டுமே.

ஒத்திக்கு விட்டு அந்தப் பணத்தில் கடனை அடைத்துவிட்டால்?

ஒத்திப் பணமும் கடன்தான்; மாத வட்டிக்குப் பதிலாக வாடகையை விட்டுக்கொடுக்கிறீர்கள். மூன்று வருடம் கழித்து அவர் காலி செய்யும்போது முழுத் தொகையையும் ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும். அடுத்த ஒத்திக்காரர் கிடைக்கும்வரை இவர் போக மாட்டார். அடமானத்தில் உள்ள வீட்டை ஒத்திக்கு விட வங்கியின் சம்மதமும் வேண்டும். கையில் அந்தத் தொகைக்கு ஈடாக வைப்புநிதி இருப்பவர் மட்டும் யோசிக்கலாம். வைப்புநிதி இருப்பவர் ஏன் ஒத்திக்கு விடப்போகிறார்?

மாமா, இடம் அப்பா பெயரில் இருக்கிறது. கடன் நான் வாங்கி, மாடியை நான் கட்டுகிறேன். மாடி எனக்குத்தானே?

கேட்கிறவர்கள் எல்லாரும் “ஆமாம்” என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். காசு போட்டதற்காக மட்டும் பத்திரத்தில் பெயர் ஏறாது. வங்கியும் உங்களை மட்டும் நம்பிக் கொடுக்காது: நிலத்துக்காரரான அப்பா கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, பத்திரத்தை அடமானம் வைக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில் அவர் தலையில் ஒரு கடன். வரிச் சலுகைக்குப் போனால், பத்திரத்தில் பெயர் இல்லாதவருக்கு எப்படி என்று கேள்வி வரும். அப்பா உயில் எழுதாமல் காலமானால், இந்துக் குடும்பங்களில் அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் அம்மாவுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும். நீங்கள் கட்டிய மாடி யாருடையது என்பதை அப்போது ரசீதுகளோடு நின்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

வேலை தொடங்குவதற்கு முன்பே எழுதி முடிப்பது நல்லது. நிலத்தில் பிரிக்கப்படாத பாதிப் பங்கையும் முதல் தளம் கட்டிக்கொள்ளும் உரிமையையும் அப்பா உங்களுக்குச் செட்டில்மென்ட் பத்திரமாக, அதாவது உயிரோடு இருக்கும்போதே உரிமையை மாற்றிக் கொடுக்கும் பத்திரமாக எழுதலாம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. இது 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட கணக்கு. இருபது லட்சம் போடப்போகிறவர் இந்த ஐம்பதாயிரத்துக்கு யோசிப்பதுதான் எனக்குப் புரிவதில்லை. உயில் போதுமே என்றால், அதை அப்பா எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

அப்பா பக்கமும் பாருங்கள். தரைத்தளத்தில் தாமும் மனைவியும் வாழ்நாள் முழுவதும் இருக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாம். கவனித்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, மகன் கவனிக்காமல் விட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க முடியும்.

தங்கை எதுவும் கேட்க மாட்டாள். அவளிடம் சொல்ல வேண்டுமா?

அவள் கேட்க மாட்டாள் என்றால் சொல்வதில் என்ன தயக்கம்? அப்பா சுயமாக வாங்கிய இடமென்றால் அவர் விருப்பப்படி எழுதலாம். தாத்தா வழி வந்த பூர்வீகச் சொத்தென்றால் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. தமிழ்நாடு அப்போது மணமாகாத மகள்களுக்கு 1989-இலேயே சட்டம் செய்தது, 2005-இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. அங்கே அப்பா தன் விருப்பப்படி மட்டும் செட்டில்மென்ட் எழுதிவிட முடியாது. வங்கி வக்கீலும் இதைக் கேட்பார். தங்கையின் கையெழுத்தை இப்போது காப்பி குடித்துக்கொண்டே வாங்குவது எளிது. இருபது வருடம் கழித்து வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுதுவது கடினம்.

மின் இணைப்பு இரண்டு வேண்டுமா? ஒரு துணை மீட்டர் போதாதா?

இரண்டே நல்லது. ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் இரண்டு குடும்பமும் ஓட்டினால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டும். தாண்டியதும் கீழ்ப்படிகளின் விலையும் ஏறிவிடும். அப்புறம் துணை மீட்டரை வைத்து யார் எவ்வளவு என்று சண்டை. முதல் கேள்வியில் சொன்ன தனி வாசலும் தனிச் சமையலறையும் இங்கே உதவும்.

குடித்தனம் வைக்கும்போது பத்து மாத அட்வான்ஸ் வாங்கலாமா?

சென்னைப் பழக்கம் அது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத நிலையில் மூன்று மாத வாடகைதான் வரம்பு. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். கீழேயே நாம் குடியிருப்பதால் வாய்ச்சொல் போதும் என்று நினைப்பவர்களுக்குத்தான் தண்ணீர் மோட்டார் நேரத்தில் மனக்கசப்பு வருகிறது.

பிற்பாடு மாடியை மட்டும் தனியாக விற்க முடியுமா?

நிலத்தில் பிரிக்கப்படாத பங்கோடு சேர்த்து விற்கலாம். வாங்குபவர் குறைவு, விலையும் குறையும். கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்று வேண்டும். பெரும்பாலானவர்கள் எழுத மறப்பது மொட்டை மாடியை: அது யாருக்கு, அதன்மேல் இன்னொரு தளம் எடுக்கும் உரிமை யாருக்கு, கூரை ஒழுகினால் செலவு யாருடையது? அண்ணன் தம்பிக்குள் எழுதும் செட்டில்மென்டிலும் இந்த மூன்றும் இருக்க வேண்டும்.

கடன் முடிந்ததும் பத்திரத்தை வாங்கிவந்தால் போதுமா?

போதாது. அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கே பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்த வரி அப்படியே நிற்கும். முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் விதி. கொடுத்தபோது வாங்கிய ஆவணப் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள். எத்தனை பக்கம் கொடுத்தீர்கள் என்பது பதினைந்து வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.